நட்டின் மேல் என் கோடு

நெயில் பாலிஷ் பாட்டிலின் மூடி திறக்கவில்லை. கையால் திருகிப் பார்த்தேன், துணியைச் சுற்றித் திருகினேன், பல்லால் கடித்துக்கூடப் பார்த்தேன். அசைவதாக இல்லை. தங்கையின் பிரசவத்துக்குப் போய்விட்டு அன்று காலைதான் வீடு திரும்பியிருந்தேன். பையை உள்ளே போட்டுவிட்டு, முகம்கூடக் கழுவாமல் ஷெட்டுக்கு வந்தவளுக்கு இதுதான் வரவேற்பு.

இந்த நெயில் பாலிஷ் என் நகத்துக்கு இல்லை. என் நகங்களில் கிரீஸ் ஏறி வருஷக்கணக்காகிறது, அதன் மேல் எந்தச் சாயமும் ஒட்டாது. இது நட்டுக்கு. எங்களிடம் ஒரு டிராக்டரும் அதன் பின்னால் மாட்டுகிற ஒரு டிஸ்க் ஹாரோவும் இருக்கின்றன. உழுது போட்ட மண்கட்டிகளை வெட்டிப் பொடியாக்குகிற கருவி அது. நாலு இரும்பு ஷாப்ட், ஒவ்வொரு ஷாப்ட்டிலும் வரிசையாகக் கோத்த வட்டத் தட்டுகள், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் ஸ்பூல் என்கிற வார்ப்பிரும்புத் துண்டு, கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நட்டு. இத்தனையும் ஒரே கட்டையாக நிற்பது அந்த நட்டின் இறுக்கத்தில்தான். நட்டு கொஞ்சம் தளர்ந்தால் தட்டு ஆடும், ஆடுகிற தட்டு ஷாப்ட்டைத் தின்னும், அப்புறம் ஒருநாள் எல்லாம் கழன்று வயலில் கிடக்கும். அதனால் இறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் ஷாப்ட்டின் மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவேன். கோடு இரண்டாக விலகித் தெரிந்தால் நட்டு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். பெயின்ட் டப்பா வாங்கினால் பாதியிலேயே காய்ந்துபோகிறது. நெயில் பாலிஷில் அந்தத் தொல்லை இல்லை, பிரஷ்ஷும் மூடியோடேயே வந்துவிடுகிறது.

அன்று நாலு நட்டிலும் என் கோடு இல்லை. வேறு கோடு இருந்தது. பளபளவென்று, தடிமனாக, ஓரம் வழிந்து.

வேலை தொடங்கிய சூட்டிலேயே நட்டுகளை மறுபடி ஒரு தடவை இறுக்கியாக வேண்டும். அதிலும் இந்த முறை புதுத் தட்டுகள் மாட்டியிருந்தோம். நான் தங்கை வீட்டில் இருந்தபோதே போனில் நச்சரித்துக்கொண்டிருந்தேன். "நானே இறுக்கிட்டேன், தனியாத்தான்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். தனியாக இறுக்கினால் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வந்ததும் வராததுமாக ஷெட்டுக்கு ஓடினேன்.

இது இரண்டு பேர் வேலை. ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் பிடியில் ஆளைவிட நீளமான பைப்பைச் செருகி, பைப்பின் முனையில் ஒருவர் ஏறி உட்கார வேண்டும். இன்னொருவர் ஸ்பூல்களின் மேல் மரக்கட்டையை வைத்துச் சம்மட்டியால் வரிசையாக அடித்துக்கொண்டு வருவார். அடி விழ விழ, உள்ளே ஒளிந்திருக்கும் இடைவெளிகள் மூடிக்கொள்ளும், பைப் ஒரு விரற்கடை கீழே இறங்கும். எத்தனை அடித்தும் பைப் இறங்காமல் நின்றால் நட்டு இறுகிவிட்டது. அப்புறம் நட்டின் அடியில் இருக்கும் பூட்டுத் தகட்டின் காதை உளியால் மடக்கி நட்டோடு ஒட்டிவிட வேண்டும். மடக்கிய தகடு இருக்கும்வரை நட்டு தானாகச் சுழலாது.

எங்கள் வீட்டில் பைப்பில் உட்காருவது நான்தான். கல்யாணமாகி வந்த புதிதில் விளையாட்டாக உட்கார்ந்தேன், அதுவே என் வேலையாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்குக் காற்றடித்தால் பறக்கிற உடம்பு, அவர் உட்கார்ந்தால் பைப்புக்கே தெரியாது. எனக்கு ஆண்டவன் குறைவைக்கவில்லை. அவர் எனக்கு 'கால் டன்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார். "கால் டன்னு, கொஞ்சம் ஷெட்டுக்கு வா" என்பார். கோபம் வந்ததில்லை. ஒரு குடும்பம் மொத்தமும் என் உடம்பை நம்பித் தொழில் செய்கிறது என்று உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. "மருமக உக்காந்தா நட்டு மூச்சு விடாது" என்று என் மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

சின்னச் சுத்தியலை எடுத்துத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். தளர்ந்த தட்டு தொப்பென்று செத்த சத்தம் போடும். இறுகிய தட்டு கணீரென்று பாடி, கொஞ்ச நேரம் நின்று அடங்கும். அன்று எல்லாத் தட்டும் பாடின. ஒன்றுகூட விடவில்லை. இறுக்கம் என்றால் அப்படி ஓர் இறுக்கம், நான் உட்கார்ந்தால்கூட இவ்வளவு வராது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைவிடக் கனமான யாரோ.

கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தேன். திறக்காத மூடி. அது யார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

என் கொழுந்தனுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு வியாதி. எந்த மூடியையும் உலகம் அழிந்தாலும் திறக்கக்கூடாது என்பதுபோலத்தான் மூடுவார். எண்ணெய் பாட்டில், மருந்து பாட்டில், தண்ணீர்க் குழாய் எதுவும் விலக்கில்லை. கூட்டுக் குடும்பமாக இருந்தபோது, "அந்த டப்பாவக் கொஞ்சம் திறந்து குடுத்துட்டுப் போங்க" என்று அவர் பின்னால் ஓடுவதிலேயே எனக்குப் பாதி நாள் போய்விடும். மாமனார் அவருக்கு 'இறுக்கி' என்று பெயர் வைத்தார். தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், கை மட்டும் முறம் அகலம்.

அந்த இறுக்கியின் கால் எங்கள் ஷெட்டில் படக்கூடாது. சொன்னது நான் அல்ல, என் வீட்டுக்காரர்.

காரணத்தைச் சொல்ல வேண்டும். அப்போது மாமனார், நாங்கள், கொழுந்தன் எல்லோரும் ஒரே வீடு, ஒரே ஷெட். ஒருநாள் சாயங்காலம் நான் உட்கார, கொழுந்தன் அடிக்க, நாலு நட்டையும் இறுக்கினோம். தகடுகளை மடக்கியது நான். மறுநாள் பெரிய பண்ணையில் வேலை. வயலின் ஓரத்தில் திரும்புவதற்காக என் வீட்டுக்காரர் ஹாரோவைத் தூக்கியிருக்கிறார். தட்டில் சிக்கிய வேரை எடுத்துவிடலாம் என்று மாமனார் பக்கத்தில் போயிருக்கிறார். கடைசித் தட்டும் ஸ்பூலும் அப்படியே ஷாப்ட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து அவர் பாதத்தில் விழுந்தன. நட்டைக் காணோம். அது வழியில் எங்கேயோ கழன்று மண்ணுக்குள் போய்விட்டது. மாமனாருக்கு இரண்டு விரல் போயிற்று. இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறார்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவரை வரப்பில் உட்காரவைத்துக் காலைத் துணியால் சுற்றியிருந்தார்கள். பண்ணைக்காரர், அவருடைய ஆட்கள், பக்கத்து வயல்காரர்கள் எல்லோரும் கூடி நின்றார்கள். யார் பூட்டியது என்று பண்ணைக்காரர் கேட்டார். கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணிதான் கடைசியா பூட்டுனாங்க" என்றார். பொம்பளையை இரும்பு வேலையில் விட்டால் இப்படித்தான் ஆகும் என்று பண்ணைக்காரர் சொன்னார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை.

நான் தகட்டை மடக்கினேன். எனக்கு நன்றாகத் தெரியும். நான் மடக்கிய பிறகு யாரோ அந்த நட்டைக் கழற்றி மாட்டியிருக்க வேண்டும், அந்த யாரோ கொழுந்தனாகத்தான் இருக்க வேண்டும், அதனால்தான் முந்திக்கொண்டு என் பெயரைச் சொன்னார் என்று அழுதுகொண்டே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். "நான் உன்ன நம்புறேன்" என்றார். ஊரே என்னைக் கைகாட்டிய அன்றைக்கு அந்த வார்த்தை எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. அவருக்காக உயிரையே கொடுக்கலாம் என்று இருந்தது.

அடுத்த வாரமே தனியாக வந்துவிட்டோம். பண்ணைக்காரர் முன்னால், அதே ஆட்கள் முன்னால், தப்பு அண்ணியுடையது இல்லை என்று தம்பி சொல்ல வேண்டும், சொல்லும்வரை அவன் முகத்தில் விழிக்கமாட்டேன், நீயும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று அவர் சபதம்போலச் சொன்னார். நானும் படுக்கவில்லை. நாலு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கு இத்தனை வருஷமாகப் போனதில்லை. வழியில் கொழுந்தனைப் பார்த்தால் எதிர்ப் பக்கத்துக்கு மாறிவிடுவேன். வாய் நிறைய அவரைத் திட்டியிருக்கிறேன். ஆனால் சொல்லிச் சொல்லி ஊர் ஒன்றை நிலைநாட்டிவிட்டால், நமக்கே நம் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. அடுப்படியில் நிற்கும்போது என் கை வெறும் காற்றில் உளியைப் பிடித்து அந்தத் தகட்டை மடக்கிப் பார்க்கும். மடக்கினேனா? நாலாவது நட்டையும் மடக்கினேனா? அந்தச் சந்தேகத்தில்தான் நெயில் பாலிஷ் கோடே பிறந்தது. இனிமேல் யாரும் என்னைக் கேட்க முடியாதபடி, என் கண்ணாலேயே பார்த்துக்கொள்வதற்காக.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். தங்கைக்கு எப்படி இருக்கிறது, குழந்தை யார் ஜாடை என்றெல்லாம் விசாரித்தார். பதில் சொல்லிக்கொண்டே, நட்டுகளைத் தனியாக எப்படி இறுக்கினீர்கள் என்று கேட்டேன். பைப்பின் முனையில் மண் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, பிறகு போய் அடித்தாராம். சொல்லும்போது தண்ணீர் குடித்தார். ஷெட்டில் மூட்டையும் இல்லை, கயிறும் இல்லை. காதில் பூச் சுற்றுகிறார். ஏதோ அவசரத்துக்குத் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார், என்னிடம் சொல்லப் பயப்படுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். அதுவே வயிற்றெரிச்சலாக இருந்தது. எனக்காக நின்ற ஒரே ஆள், முதுகுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டாரே என்று. அவர் சாப்பிட்டு முடித்து, டீசல் வாங்கக் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் நான் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

கொழுந்தன் கடைத்தெருவின் கோடியில் டிரெய்லர் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். பின்னால் வீடு. வாசலில் ஒரு டிரெய்லரின் சக்கரத்தைக் கழற்றி வைத்து, பேரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேரிங் கையிலிருந்து நழுவியது. எழுந்து நின்றார், உட்காரச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் ஸ்டூலைத் துடைத்தார். முன்பெல்லாம் அவரை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவேன், என்னைவிடச் சின்னவர். அன்று வாய் வரவில்லை.

பாட்டிலை நீட்டினேன். "இதத் திறந்து குடுங்க."

வாங்கிய வேகத்தில் ஒரே திருகில் திறந்துவிட்டார். பழக்கதோஷம். திறந்த பிறகுதான் கையில் இருப்பது என்னவென்று பார்த்தார். பாட்டிலை என்னிடம் நீட்டினார், மூடி அவர் கையிலேயே நின்றுவிட்டது.

"ஷெட்டுக்கு வந்தீங்களா?" என்று கேட்டேன்.

வந்தேன் என்றார். அண்ணன் கூப்பிட்டானாம். இந்த முறை மட்டும் இல்லை, நான் ஊரில் இல்லாதபோதெல்லாம் கூப்பிடுவானாம். பேரிங் மாற்ற வந்திருக்கிறார், ஷாப்ட் மாற்ற வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அண்ணியிடம் பேசி ஒரு மன்னிப்புக் கேட்டுவிடுகிறேனே என்று கெஞ்சியிருக்கிறார். அண்ணன் விடவில்லை. "உன் பேரை எடுத்தாலே வீட்ட விட்டுப் போயிடுவேங்கிறா, வந்து தொலைக்காத" என்றானாம்.

நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. மன்னிப்புக் கேட்டால் போதும் என்று காத்துக்கொண்டிருந்தவள் நான். ஆனாலும் கோபத்தை விடாமல், மன்னிப்பெல்லாம் என்னிடம் வேண்டாம், நட்டைக் கழற்றி மாட்டியது நீங்கள்தான் என்று பண்ணைக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கோபமில்லை, பயமுமில்லை. கணக்குத் தப்பிப்போன பிள்ளை மாதிரி விழித்தார்.

"நானா? அண்ணி, கழட்டுனது அண்ணன். உங்களுக்குத்தான் தெரியுமே."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்று விடியற்காலை அண்ணன் ஹாரோவை வெளியே எடுக்கும்போது வாசல் கேட் தூணில் இடித்துவிட்டார். கடைசித் தட்டு விரிசல் விட்டுவிட்டது. அதற்கு முந்தின மாதம்தான் ஏதோ கவனக்குறைவுக்காக மாமனார் அவரைக் கண்டித்து, இன்னொரு தடவை நடந்தால் டிராக்டர் சாவி தம்பி கைக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார். அதனால் அப்பா எழுவதற்குள் அவசர அவசரமாகத் தட்டை மாற்றியிருக்கிறார். தனியாக. பழைய தகட்டை நிமிர்த்தி மறுபடி மடக்கப் பார்த்தபோது அதன் காது ஒடிந்துவிட்டது. புதுத் தகடு தேட நேரமில்லை. நட்டைக் கைவலுவுக்குத் திருகிவிட்டு வண்டியைக் கிளப்பியிருக்கிறார். பல் துலக்க வெளியே வந்த தம்பி இதைப் பார்த்திருக்கிறார்.

"அப்பா அடிபட்டதும் அண்ணன் என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அவ பேரச் சொல்லிடுடா, அவகிட்ட நான் பேசிக்கிறேன்னான். நீங்க பின்னால ஓடி வந்துக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் ராத்திரி வந்து, எல்லாத்தையும் சொல்லிட்டேன், அவளும் ஒத்துக்கிட்டான்னு சொன்னான். புருஷனுக்காக நானே ஏத்துக்கிறேன்னு நீங்க சொன்னதா..." அவர் குனிந்து, கீழே விழுந்த பேரிங்கை எடுத்தார். "அத்தனை பேர் முன்னாடி பட்டுன்னு சொல்லிட்டேன்னுதான் உங்களுக்கு என் மேல கோபம்னு நெனச்சேன், அண்ணி."

பட்டறையில் வெயில் அடித்தது. நான் என்ன ஒத்துக்கொண்டேன்? எப்போது ஒத்துக்கொண்டேன்? என் தலையைத் தடவிக்கொடுத்த கை, அதற்கு முன்னால் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறது. நம்புகிறேன் என்றாரே, அவர் எங்கே நம்பினார்? அவருக்குத் தெரியும். கழற்றியவருக்குத் தெரியாதா?

உள்ளேயிருந்து கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. மாமனார் நிலைப்படிக்கு வந்து நின்றார். மெலிந்துபோயிருந்தார். ஒரு காலில் செருப்பு, விரல் போன காலில் துணிச் சப்பாத்து. நாங்கள் பேசியது அவர் காதில் முழுதாக விழவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"வாம்மா. உன் மூஞ்சியப் பாக்கக் கூசிக்கிட்டுத்தான் இத்தனை நாளா பேசாம இருந்தேன். உனக்குப் பெரிய மனசு."

அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், கழன்று விழுந்த தட்டில் மண்ணோடு ஒட்டிக் கிடந்த அந்தத் தகட்டை எடுத்துவரச் சொல்லிப் பார்த்திருக்கிறார். நான் மடக்குகிற தகடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். காது ஒடிந்த தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூத்த மகனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். மகன் காலில் விழுந்து அழுதுவிட்டு, மருமகள் தானாகவே பழியை ஏற்றுக்கொண்டாள் என்ற கதையை அவரிடமும் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் இத்தனை வருஷமாக நான் ஒரு தியாகி. என் வீட்டில் நான் மடக்கினேனா மடக்கவில்லையா என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தவள்.

"எனக்குப் பெரிய மனசெல்லாம் இல்ல மாமா. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்றேன்.

அவர் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கொழுந்தன் போய்த் தாங்கிக்கொண்டார். நான் விடவில்லை. அப்படியே நான் ஏற்றுக்கொண்டதாகவே இருக்கட்டும், உண்மை தெரிந்த நீங்கள் பண்ணைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டேன்.

அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன் பேரு கெட்டுடும்னு பாத்தேம்மா. தொழில்ல ஒரு தடவை பேரு போச்சுன்னா அப்புறம் யாரும் வண்டி கூப்பிட மாட்டாங்க."

"என் பேரு, மாமா?"

என் பெயர் என்று ஒன்று தனியாக இருக்கிறது என்பதே அப்போதுதான் அவருக்குத் தோன்றியதுபோல நின்றார். கெட்ட எண்ணமுள்ள மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. மூன்று பேரும் சேர்ந்து நட்டை இறுக்க என்னை எப்படிப் பைப்பில் உட்காரவைத்தார்களோ, அப்படித்தான் இதிலும் உட்காரவைத்திருக்கிறார்கள். கனமானவள், தாங்குவாள் என்று.

நாளைக்கே பண்ணைக்காரரிடம் போய் நானே சொல்லிவிடுகிறேன் என்றார் மாமனார். சொல்லுங்கள் என்றேன். அதைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். கேட்டபோது பசி தீர்ந்தபிறகு வந்த சாப்பாடு மாதிரி இருந்தது. கொழுந்தன் என் பின்னாலேயே தெருமுனைவரை வந்து, அண்ணி, அண்ணி என்று இரண்டு தடவை கூப்பிட்டார். "மூடியக் குடு" என்றேன். கையிலேயே வைத்திருந்தார். வாங்கிக்கொண்டேன்.

ஷெட்டுக்கு வந்து, அலமாரியிலிருந்து தின்னர் கேனையும் பழைய துணியையும் எடுத்தேன். முதல் நட்டின் பக்கத்தில் உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தேன். நெயில் பாலிஷ் கரைந்து துணியெல்லாம் சிவப்பாக வந்தது. புதுக் கோட்டுக்கு அடியில் என் பழைய கோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் தேய்த்தேன். இரண்டாவது நட்டு. மூன்றாவது.

நாலாவதைத் துடைக்கும்போது அவர் வந்துவிட்டார். தம்பி போன் செய்திருக்க வேண்டும். டீசல் கேன் இல்லாமல் ஓடிவந்திருந்தார், சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஷெட் வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது, கைக்கு எட்டும் தூரத்தில் சம்மட்டி இருந்தது.

பயந்துவிட்டேன் என்றார். அப்பா சாவியைப் பிடுங்கியிருந்தால் நம் கதி என்ன ஆகியிருக்கும் என்றார். சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாராம், நாள் ஆக ஆக வாய் வரவில்லையாம். உன்னை விட்டுக்கொடுக்கவே இல்லை, உனக்காகத்தானே தனியாக வந்தேன் என்றார். அந்த இடத்தில் என் கை நின்றது. எனக்காக வரவில்லை. நானும் கொழுந்தனும் ஒரே வீட்டில் இருந்தால் என்றைக்காவது ஒருநாள் பேசிவிடுவோம், அதற்காக வந்தார். அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை அவரிடமே சொல்வானேன்.

"அந்தக் கைய காத்துல மடக்கி மடக்கிப் பாப்பேனே, பாத்திருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

பார்த்திருக்கிறேன் என்று தலையை ஆட்டினார்.

"பாத்துட்டு சும்மா இருந்தீங்க."

நான் நாலாவது நட்டைத் துடைத்து முடித்து, துணியைச் சுருட்டித் தகர டப்பாவில் போட்டேன். நெயில் பாலிஷ் பாட்டிலையும் அதிலேயே போட்டேன். நாலு நட்டும் வெறும் இரும்பாக நின்றன. பேச்சை மாற்றக் கிடைத்த சாக்கை அவர் விடவில்லை.

"ஏன் துடைச்சிட்ட? நாளைக்குப் பண்ணைக்குப் போகணுமே. கோடு இல்லாம நட்டு நகருதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"நீங்க இறுக்குனதுதானே. நான் உங்கள நம்புறேன்."

நான் அவரைத் தாண்டி வீட்டுக்குள் போய், காலையில் போட்ட இடத்திலேயே கிடந்த பையைப் பிரிக்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஷெட்டில் சுத்தியல் சத்தம் கேட்டது. தட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார். எல்லாம் கணீரென்று பாடின, ஒன்றுகூடத் தளர்ந்திருக்கவில்லை. கடைசித் தட்டுவரை தட்டிவிட்டு, அவர் மறுபடி முதல் தட்டிலிருந்து ஆரம்பித்தார்.